சாப்பிட மறுக்கிறாளா, சாப்பிட முடியவில்லையா?

உங்கள் 17 வயதுத் தங்கைக்கு அனோரெக்ஸியா, அதாவது சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து உடல் நலிந்துபோகும் உண்ணல் கோளாறு, என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து, இந்த நோயில் இருந்தவர்கள் எழுதியதையும் பேசியதையும் தேடித் தேடிப் படித்திருக்கிறீர்கள். ஒருவர், ஒல்லியாக வேண்டும் என்ற ஆசையில் தொடங்கியது என்கிறார். இன்னொருவர், அழகுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, என் வாழ்க்கையில் என் கைக்குள் இருந்தது சாப்பாடு ஒன்றுதான் என்கிறார். தலைக்குள் ஒரு குரல் அதட்டிக்கொண்டே இருந்தது என்கிறார் மூன்றாமவர். வீட்டார் கட்டாயப்படுத்தித்தான் என்னைக் கெடுத்தார்கள் என்று ஒருவரும், கட்டாயப்படுத்தியதால்தான் இன்று உயிரோடு இருக்கிறேன் என்று ஒருவரும் சொல்கிறார்கள். இதில் யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அவளுக்கு நிஜமாகவே பசிக்கவில்லையா, இல்லை எங்களிடம் நடிக்கிறாளா?" உங்களை உறுத்துவது இந்தக் கடைசி வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிடிவாதம் என்றால் கோபப்படலாம், கண்டிக்கலாம். நோய் என்றால் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் மருத்துவ உளவியலாளர். உண்ணல் கோளாறுகளுக்கான சிகிச்சைக் குழு ஒன்றில் 14 வருடமாக வேலை செய்கிறேன். மனநல மருத்துவர், உடல்நல மருத்துவர், உணவியல் நிபுணர், செவிலியர்கள் எல்லோரும் சேர்ந்து செய்கிற வேலை அது. அதில் என் பங்கு பெரும்பாலும் உட்கார்ந்து கேட்பது. உங்கள் தங்கையை நான் பார்த்ததில்லை. ஆகவே இங்கே எழுதுவது நோயைப் பற்றித்தானே தவிர, அவளைப் பற்றிய தீர்ப்பு அல்ல. நான் பார்த்தவர்களைப் பற்றிச் சொல்லும் இடங்களில் யாரையும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பசியிலிருந்து ஆரம்பிப்போம். கிரேக்க வேரிலிருந்து வந்த 'அனோரெக்ஸியா' என்ற சொல்லுக்குப் பசியின்மை என்று பொருள். வைத்த பெயரே பொருந்தாத பெயர். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பசி எடுக்கும், ஆரம்ப மாதங்களில் அகோரமாகவே எடுக்கும். நாளாக ஆக, இரைப்பை காலியாகும் வேகம் குறைந்துவிடுகிறது. நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு கல்லாகக் கனக்கும். அப்போது 'பசிக்கவில்லை' என்று சொன்னால் அது பொய்யில்லை. வேறு சிலருக்கு உடலுக்குள்ளிருந்து வரும் பசி, களைப்பு, குளிர் போன்ற தகவல்களே மங்கலாகத்தான் போய்ச் சேர்கின்றன. இன்னும் சிலருக்குப் பசி நன்றாகத் தெரியும், ஆனால் அது தெரியும்போதெல்லாம் தாங்கள் ஜெயித்துக்கொண்டிருப்பதாக ஒரு நிம்மதி வரும். உங்கள் தங்கை 'பசிக்கலை' என்று சொல்லும்போது இவற்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். காலையில் ஒன்றாகவும் இரவில் வேறொன்றாகவும் கூட இருக்கலாம். நடிக்கிறாளா என்றால், சில நேரம் மறைக்கத்தான் செய்வாள். இந்த நோயோடு பெரும்பாலும் கூடவே வருவது மறைப்பு. அதுவரை பொய்யே பேசாத பிள்ளைகள் சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் பொய் சொல்வதை நான் நூறு முறையாவது பார்த்திருப்பேன். அவர்கள் குணம் கெட்டுப் போகவில்லை. பயந்துபோய் இருக்கிறார்கள்.

அந்தப் பயத்தை நான் முதல்முதலில் கண்ணால் பார்த்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிது. என் எதிரே ஒரு பெண், அவள் முன்னால் ஒரு கிளாஸ் பால். கையை நீட்டிக் கிளாஸைத் தொடுவாள், எடுப்பாள், வாய் வரை கொண்டுபோவாள், திரும்ப மேசையில் வைப்பாள். மேலுதட்டில் வியர்வை அரும்பி நின்றது. கழுத்தில் நாடி துடிப்பது மேசைக்கு இந்தப் பக்கமிருந்து எனக்குத் தெரிந்தது. பிடிவாதம் பிடிக்கிறவர்களின் முகம் நமக்கெல்லாம் தெரியும். தாடை இறுகியிருக்கும், கண் நம்மை அளக்கும். இவள் என்னைப் பார்க்கவே இல்லை. மாடி விளிம்பில் நிற்க வைத்துக் குதி என்று சொன்னால் ஒரு முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்த முகம். 40 நிமிடத்தில் பாதி கிளாஸ் குடித்தாள். குடித்துவிட்டு, "தோத்துட்டேன்" என்று சொல்லி அழுதாள். மறுக்கிறாளா, முடியவில்லையா என்ற கேள்விக்கு எனக்கு அன்று பதில் கிடைத்தது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மறுப்பு. உள்ளே இருப்பவருக்கு இயலாமை. மருத்துவ உலகமும் மெதுவாக இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. மனநோய்களை வரையறுக்க அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிடும் கையேட்டின் முந்தைய பதிப்பில், எடையைப் பேண 'மறுப்பது' என்றே இந்த நோயின் முதல் அடையாளம் எழுதப்பட்டிருந்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். மறுப்பு என்றால் உள்நோக்கம் இருப்பதாகத் தொனிக்கிறது, அது மருத்துவர் கண்ணால் பார்த்து மதிப்பிடக்கூடிய ஒன்றல்ல என்பது காரணம். மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அப்போதே நீக்கினார்கள். ஆண்களுக்குப் பொருந்தவே பொருந்தாத அந்த நிபந்தனையை ஏட்டிலிருந்து எடுக்கவே அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

'எனக்கு ஒன்றுமில்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று உங்கள் தங்கை திரும்பத் திரும்பச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பிரெஞ்சு மருத்துவர் சார்ல் லாசேக் 1873இல் இந்த நோயை விவரித்து எழுதிய கட்டுரையில் கிட்டத்தட்ட இதே வார்த்தைகள் வருகின்றன. எனக்கு வலி ஒன்றும் இல்லை, ஆகவே நான் நலமாக இருக்கிறேன் என்று நோயாளிகள் ஒரே ராகத்தில் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்கிறார். வீட்டாரைப் பற்றியும் எழுதுகிறார்: அவர்கள் கையில் இருப்பவை இரண்டே வழிகள், கெஞ்சுவது அல்லது மிரட்டுவது, இரண்டையும் அவர்கள் தீர்த்துவிடுவார்கள். 150 வருடம் ஆகிறது. என் அறைக்கு வரும் குடும்பங்கள் முதல் நாள் சொல்லும் கதை இன்றும் அதேதான். நோயாளிக்குத் தன் நோய் நோயாகத் தெரியாமல் இருப்பது இந்த நோயில் அடிக்கடி காணும் அடையாளம். பல்வலிக்காரர் வலி போனால் போதும் என்று மருத்துவரிடம் ஓடுவார். அனோரெக்ஸியாவில் இருப்பவருக்கு அந்த நோய்தான் மருந்தாகத் தோன்றுகிறது. அதைப் பிடுங்க வரும் நீங்கள்தான் அவருக்கு ஆபத்து.

இங்கே எனக்குச் சந்தேகமே இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டினி மூளையை மாற்றுகிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944 நவம்பரில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் ஒரு பரிசோதனை தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மனசாட்சிப்படி மறுத்த 36 இளைஞர்கள், பட்டினியால் வாடும் மக்களை எப்படித் தேற்றுவது என்று உலகம் அறிந்துகொள்ளட்டும் என்று தாங்களாகவே முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமாக இருந்தவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 24 வாரம் அரைப் பட்டினி. என்ன ஆனது? சமையல் குறிப்புகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். கனவிலும் சாப்பாடு. தட்டில் இருந்ததைத் துண்டு துண்டாக்கி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். சிரிப்பு போனது, நண்பர்கள் வேண்டாமென்று ஆனது, எரிச்சலும் சோர்வும் ஏறின. எடையைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாத இளைஞர்கள் அவர்கள். மீண்டும் வயிறாரச் சாப்பிட ஆரம்பித்த பிறகும் மனம் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆனது. உங்கள் தங்கையிடம் இன்று நீங்கள் பார்க்கும் பலவும், அதாவது சிடுசிடுப்பு, தனிமை, ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வரும் நினைப்பு, தட்டோடு போராடுவது எல்லாம், அவள் சுபாவமும் இல்லை, ஆழ்மனச் சிக்கலும் இல்லை. பட்டினியின் வேலை. அதனால்தான் எங்கள் துறையில் 'முதல் மருந்து சாப்பாடு' என்று சொல்கிறோம். காரணத்தைக் கண்டுபிடித்துப் பேசித் தீர்த்துவிட்டால் சாப்பிட ஆரம்பித்துவிடுவாள் என்று குடும்பங்கள் நம்புகின்றன. படிக்கும் காலத்தில் நானும் அப்படித்தான் நம்பினேன். பட்டினியில் இருக்கும் மூளையோடு பேசுவதில் பாதி வீண் என்று நோயாளிகளே எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எடை கொஞ்சம் ஏறிய பிறகு, மூன்று மாதத்துக்கு முன் நான் சொன்னதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்பது போல ஒரு பெண் கேட்டாள்.

ஆனால் அந்த 36 பேருக்கும் உங்கள் தங்கைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவர்கள் சாப்பாட்டுக்காக ஏங்கினார்கள். கதவு திறந்ததும் சாப்பிட்டார்கள். கதவு திறந்திருந்தும் ஒருவர் உள்ளே போகாமல் நிற்பது ஏன்? இங்கிருந்துதான் உறுதியானதும் ஊகமும் கலக்க ஆரம்பிக்கின்றன.

மரபின் பங்கு இருக்கிறது என்பது உறுதி. இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள், யாருக்கு வருகிறது யாருக்கு வருவதில்லை என்ற வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி அளவு மரபால் விளைவது என்று காட்டுகின்றன. 2019இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு, இந்த நோய் உள்ள சுமார் 17,000 பேரின் மரபணுக்களை மற்றவர்களோடு ஒப்பிட்டு, 8 இடங்களில் தொடர்பு கண்டது. அந்தத் தொடர்பு பதற்றம், மனச்சோர்வு போன்றவற்றோடு நிற்கவில்லை, உடல் ஆற்றலைக் கையாளும் வளர்சிதை மாற்றப் பண்புகளோடும் இருந்தது. வெறும் மனநோய் என்று மட்டும் இதைப் பார்த்தது போதாது என்று அப்போதிருந்து பலரும் பேசுகிறார்கள். எலிகளிடம் ஒரு விசித்திரம் பல பத்தாண்டுகளாகத் தெரிந்ததுதான்: தினமும் குறிப்பிட்ட நேரம் மட்டும் உணவு வைத்து, கூண்டில் சுழல்சக்கரமும் வைத்தால், சில எலிகள் ஓடுவதை அதிகமாக்கிச் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டே போகும். தடுக்காவிட்டால் செத்தும் போகும். எலிக்குக் கண்ணாடி இல்லை, பத்திரிகை அட்டைப்படம் இல்லை. ஆற்றல் பற்றாக்குறையே சில உடல்களில் ஒரு சுழலைத் தொடங்கிவிடுகிறது என்று இதை வைத்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஓரளவு சரியென்றே படுகிறது. ஆனால் எலியிலிருந்து மனிதருக்கு ஒரே தாவாகத் தாவ முடியாது. சாப்பிடாமல் இருக்கும்போது சிலருக்குப் பதற்றம் தணிகிறது, அந்த நிம்மதிதான் அவர்களைப் பிடித்துவைக்கிறது என்ற விளக்கமும் அப்படித்தான். நோயாளிகள் சொல்வதோடு நன்றாகப் பொருந்துகிறது, இன்னும் முழுதாக நிரூபணமாகவில்லை.

அழகு மோகமா, கட்டுப்பாடா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1990களில் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் தன் நோயாளிகளைப் பற்றி எழுதியவை இதில் முக்கியமானவை. அவர்களில் கணிசமானோர் குண்டாகிவிடுவோம் என்ற பயத்தைப் பற்றிப் பேசவே இல்லை. வயிறு உப்புகிறது, சாப்பிடத் தோன்றவில்லை என்றார்கள். உடல் அதே அளவு உருக்குலைந்துதான் இருந்தது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னால், இத்தாலியில் சியன்னா நகரத்துக் கத்தரீன் என்ற துறவி இறைவனுக்காக உணவைக் குறைத்துக் குறைத்து 1380இல் 33 வயதில் இறந்தார். அவருக்கு இருந்தது இதே நோய்தானா என்பதில் வரலாற்றாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அவர் காலத்துக்கு நம் பெயர்களை ஒட்டுவது சரியில்லை என்பது என் எண்ணம். ஆனாலும் ஒன்று தெரிகிறது. சாப்பிடாமை முதலில் வந்துவிடுகிறது, அதற்கான காரணத்தை அந்தந்தக் காலம் தருகிறது. ஒரு காலத்தில் புனிதம், ஒரு இடத்தில் வயிற்று உபாதை, இன்று மெலிவு, 'சுத்தமான உணவு', உடற்கட்டு. இதனால் அழகைப் பற்றிய ஊரின் பேச்சுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. எடை குறைப்பு முயற்சிதான் மிகப் பலருக்கு முதல் படி. ஆனால் அந்தப் படியில் கால் வைக்கிற பெரும்பாலோர் சில வாரத்தில் திரும்பிவிடுகிறார்கள். மிகச் சிலரே அதன்பின் திரும்ப முடியாமல் போகிறார்கள். 'ஒல்லியாக ஆசைப்பட்டேன்' என்றவர் தொடக்கத்தைச் சொல்கிறார். 'என் கைக்குள் இருந்தது இது ஒன்றுதான்' என்றவர், தொடங்கியது ஏன் நிற்கவில்லை என்பதைச் சொல்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இந்தக் கட்டுப்பாடு என்ற பேச்சுக்கு ஒரு பின்னணி உண்டு. ஹில்டே புரூஹ் என்ற மனநல மருத்துவர் 1960களிலேயே, இந்தப் பெண்களுக்குள் 'எதுவும் என் கையில் இல்லை' என்ற ஆழமான இயலாமை உணர்வு இருப்பதைக் கவனித்து எழுதினார். நல்ல பிள்ளைகள், சொன்ன பேச்சு தட்டாதவர்கள். தனக்கென்று ஒரு எல்லை போட்டுக்கொள்ள உடம்பைத் தவிர வேறு இடமில்லாதவர்கள். அந்தச் சித்திரம் இன்றும் பலருக்குப் பொருந்துகிறது. எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் பொருந்தவில்லை. சுதந்திரமாக வளர்ந்தவர்கள், பெற்றோரோடு நெருக்கமானவர்கள், ஐம்பதை நெருங்கும் பெண்கள், ஓட்டப்பந்தய வீரனான ஒரு பையன் என்று பலரையும் இந்த நோய் பிடித்திருக்கிறது. எடை பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரிகிற, ஆனால் குறுகிய காலத்தில் ஏராளமாக எடை இழந்தவர்களும் உண்டு. அவர்கள் இதயமும் அதே ஆபத்தில்தான் இருக்கிறது, அவர்களை யாரும் நோயாளி என்று நம்புவதில்லை என்பது கூடுதல் கொடுமை.

அந்தப் பையனைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் 'தலைக்குள் குரல்' என்று நீங்கள் கேட்டதற்கு அவனிடம் பதில் இருந்தது. சிகிச்சையில் நாங்கள் அடிக்கடி செய்யும் ஒன்று, நோயையும் ஆளையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசுவது. 'இப்போது பேசுவது நீ இல்லை, நோய்' என்போம். குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி. மகள் மேல் வந்த கோபத்தை நோயின் மேல் திருப்பிவிடலாம். பல நோயாளிகளுக்கும் இது உதவுகிறது. உண்மையில் காதில் விழும் குரலாக இல்லாமல், ஓயாத கட்டளையாக அதை அவர்கள் உணர்கிறார்கள். ஆனால் அந்தப் பையன் ஒருநாள் என்னிடம், "குரல்னு ஒண்ணும் கிடையாது மேடம். அது நான்தான். நீங்க நோய்னு சொல்றப்பல்லாம் நான் பேசுறதையே நீங்க கேக்கலைன்னு தோணுது" என்றான். அன்றிலிருந்து அந்த வார்த்தையை எடுப்பதற்கு முன் எதிரில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்கிறேன். சிலருக்கு அது கைப்பிடி. சிலருக்கு அது வாயை அடைப்பது. உங்கள் தங்கை எந்த வகை என்று அவளிடம்தான் கேட்க முடியும்.

எங்களிடம் இன்னொரு பயிற்சி உண்டு. லண்டனில் 1990களின் இறுதியில் இதை வைத்து ஓர் ஆய்வே நடந்தது. நோயாளியிடம் நோய்க்கு இரண்டு கடிதம் எழுதச் சொல்வோம், ஒன்று தோழியாக நினைத்து, ஒன்று எதிரியாக நினைத்து. முதல் கடிதம் படபடவென்று வரும். நீ என்னைப் பாதுகாத்தாய், எனக்கு ஒரு திறமை இருப்பதாக உணர வைத்தாய், அழுகை வராமல் பார்த்துக்கொண்டாய். இரண்டாவது கடிதத்துக்குச் சிலர் வாரக்கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஒரு பெண் எதிரிக் கடிதத்தில் ஒரே ஒரு வரி எழுதிக் கொண்டுவந்தாள்: "என் பாட்டி சாகும்போது நான் பக்கத்தில் இருந்தேன், ஆனால் அன்று நான் என்ன சாப்பிட்டேன் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்." நீங்கள் படித்த அனுபவங்கள் ஒன்றோடொன்று முட்டுவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொருவரும் எந்தக் கடிதத்தை எழுதும் காலத்தில் இருந்து பேசுகிறார் என்று பாருங்கள். நோய்க்குள் இருந்துகொண்டு எழுதுபவர், மீண்டு இரண்டு வருடம் ஆனவர், 20 வருடம் ஆனவர் மூவரும் மூன்று விதமாகத்தான் பேசுவார்கள். நோயைப் பெருமையாகவும், எடையையும் அளவுகளையும் எண்ணாகவும் எழுதுகிற அனுபவங்களை மட்டும் தங்கை கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவளுக்கு அது எச்சரிக்கையாகப் போய்ச் சேராது, போட்டியாகப் போய்ச் சேரும்.

குடும்பத்தின் மேல் போடும் பழியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அம்மா தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டு அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். நோய்க்கு இன்றைய பெயரை வைத்த ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கல், 1874இல் அச்சான தன் கட்டுரையில், உறவினர்களும் நண்பர்களும்தான் இந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பொதுவாக மிகவும் தகுதியற்றவர்கள் என்று எழுதிவிட்டார். அந்தக் கருத்து ஒரு நூற்றாண்டு ஆட்டம் போட்டது. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்தார்கள், தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள். 1987இல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழு வெளியிட்ட ஆய்வு இதைத் திருப்பிப் போட்டது. நோய் தொடங்கி மூன்று வருடம் தாண்டாத இளம் வயதினருக்குக் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு செய்யும் சிகிச்சைதான் மேலாக இருந்தது. இன்று வளரிளம் பருவத்தினருக்கு மிக அதிக ஆதாரமுள்ள சிகிச்சை அதுவே. ஆரம்பத்தில் சாப்பாட்டுப் பொறுப்பைப் பெற்றோர் முழுதாக எடுத்துக்கொள்கிறார்கள், எடை தேறத் தேறப் பிள்ளையிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். குடும்பமே இந்த நோய்க்கு மூலகாரணம் என்பதை உண்ணல் கோளாறுகளுக்கான சர்வதேச அகாதமி 2010இல் வெளிப்படையாகவே மறுத்தது. உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். எல்லாக் குடும்பத்துக்கும் இந்தச் சிகிச்சை ஒத்துவரும் என்றும் சொல்ல மாட்டேன். வீட்டில் வன்முறை இருந்தால் வேறு வழிதான் பார்க்க வேண்டும். வயது வந்தவர்களுக்கு இதுதான் சிறந்தது என்று சொல்லும்படி எந்த ஒரு பேச்சு சிகிச்சையும் தனித்து நிற்கவில்லை. இந்த நோய்க்கென்றே அங்கீகாரம் பெற்ற மாத்திரையும் இல்லை.

கட்டாயப்படுத்துவது பற்றி என் மனம் இன்னும் முழுதாக அமைதியடையவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் மருத்துவமனையில் சேர்த்தே ஆக வேண்டும், அதில் தயக்கமே இல்லை. உண்ணல் கோளாறுகளுக்காகச் சேர்க்கப்பட்டவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், 'எனக்கு இது தேவையில்லை' என்று சொல்லி உள்ளே வந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இரண்டே வாரத்தில், தேவைதான் என்று மாற்றிச் சொன்னார்கள். மாற்றிச் சொல்லாதவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படியுங்கள். அவமானப்படுத்தி, கையைப் பிடித்து, மிரட்டிச் செய்யப்பட்ட சிகிச்சையின் காயத்தை வருடக்கணக்கில் சுமப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பேச்சையும் நம்புங்கள். தளராமல் இருப்பதும் கொடூரமாக இருப்பதும் வேறு வேறு. 'நீ சாப்பிடும் வரை நான் இங்கேதான் இருப்பேன்' என்பதை மிரட்டலாகவும் சொல்லலாம், துணையாகவும் சொல்லலாம்.

ஆபத்தை எப்படி அறிவது? மயக்கம், நெஞ்சு படபடப்பு, மிக மெதுவான நாடி, எழுந்து நின்றால் தலைசுற்றல், தொடர்ந்து வாந்தி, தண்ணீரையும் மறுப்பது, சாக வேண்டும் என்ற பேச்சு, இவற்றில் எது இருந்தாலும் நாள் கடத்தாமல் அவசர சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள். மனநோய்களில் மிக அதிகமாக உயிர் குடிப்பவற்றில் இது ஒன்று. அந்த மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று தற்கொலை. ரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதாலேயே நிம்மதியாகிவிடாதீர்கள். உடல் கடைசி வரை எண்களைத் தாக்குப்பிடிக்கும். இன்னொன்று, வெகுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்தைப் பாதிக்கக்கூடும். அதனால் எப்படித் தொடங்குவது, எவ்வளவு வேகத்தில் ஏற்றுவது என்பதை மருத்துவர் சொல்படியே செய்ய வேண்டும்.

வீட்டில் அவளிடம் என்ன பேசுவது என்றும் கேட்டிருந்தீர்கள். உடம்பைப் பற்றி எதுவும் பேசாதீர்கள், நல்லதைக்கூட. வேலையின் இரண்டாம் வருடம், பல வாரம் போராடி எடை தேறிய ஒரு பெண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் "முகம் தெளிஞ்சிருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் காதில் 'குண்டாகிவிட்டாய்' என்று விழுந்தது. அடுத்த மூன்று நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. அந்த மூன்று நாளும் எனக்குத் தூக்கமில்லை. சாப்பாட்டு நேரத்தில் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்ற வாதத்துக்குள் போகாதீர்கள். அதை மருத்துவக் குழுவும் பெற்றோரும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும், மேசையில் பேரம் இருக்கக்கூடாது. நீங்கள் அக்காவோ அண்ணனோ, காவல்காரர் வேலை உங்களுக்கு வேண்டாம். அதைப் பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும். உங்களிடம் அவளுக்கு நோயைத் தவிர வேறு ஏதாவது பேச இருக்க வேண்டும்.

மீள்வாளா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. பாஸ்டனில் இந்த நோயாளிகளை இரண்டு பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். 9 வருட முடிவில் மூன்றில் ஒருவருக்கும் சற்றுக் குறைவானோரே மீண்டிருந்தார்கள். 22 வருட முடிவில் அது மூன்றில் இரண்டு பங்கை நெருங்கியிருந்தது. அவர்கள் சிகிச்சை தேடி வந்தவர்கள், பலருக்கு நோய் முற்றியிருந்தது. சீக்கிரம் கண்டறிந்த 17 வயதுப் பெண்ணுக்கு வாய்ப்பு இதைவிடக் கூடுதல் என்று நினைக்க நியாயம் இருக்கிறது. மெதுவாக நடக்கும், பின்வாங்கும், திரும்பவும் நடக்கும்.

பாட்டியைப் பற்றி ஒரு வரி எழுதினாளே, அந்தப் பெண் சிகிச்சை முடிந்து ஆறு வருடம் கழித்து என்னைப் பார்க்க வந்திருந்தாள். எது உதவியது என்று கேட்டேன். என் பெயரையோ மருத்துவர் பெயரையோ சொல்லவில்லை. தம்பியைச் சொன்னாள். அவனுக்கு அப்போது 14 வயது. சாப்பிடச் சொல்ல மாட்டானாம், தட்டைப் பார்க்கவும் மாட்டானாம். அவள் சாப்பிட உட்காரும் ஒவ்வொரு வேளையும் குறுக்கெழுத்துப் புதிரோடு எதிரே வந்து உட்கார்ந்து, "அக்கா, நாலு எழுத்து, மூணாவது எழுத்து 'ர'" என்று கேட்டுக்கொண்டே இருப்பானாம். ஒரு மணி நேரம் ஆனாலும் எழுந்து போக மாட்டானாம். "அவன் வேணும்னே கஷ்டமான புதிரா எடுத்துட்டு வருவான்னு ரொம்ப நாள் கழிச்சுதான் எனக்குப் புரிஞ்சுது" என்றாள்.